தேய்த்துப் பார்த்தவர்

ஈஸ்டருக்கு முந்தைய வாரத்தில் ஐரோப்பா சுற்றப் போன எங்கள் மலேசிய ஜொகூர் குழுவில், துணிக்கடைகளுக்குப் பேர்போன தங்காக் ஊரில் கடை வைத்திருப்பவர் ஒருவர் இருந்தார். பூப்போட்ட பாத்தேக் சட்டை, அதற்குமேல் இரண்டு கம்பளிச் சட்டைகள். எந்தத் துணியைக் கண்டாலும் இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்துவிடுவார். பிராக்கின் ஈஸ்டர் சந்தையில் வண்ண முட்டைகளை விட்டுவிட்டு, அவற்றின் கீழே விரித்திருந்த துணியைத் தேய்த்தார்.

வியன்னாவில் ஒரு தேவாலயத்தில், புனித வெள்ளிக்காகச் சிலுவையை மூடியிருந்த ஊதாத் துணியையும் விடவில்லை. முழங்காலிட்டிருந்த எனக்குக் கோபம் வந்தது.

“அங்கிள், சாமி காரியம். தொடாதீங்க.”

“அதுக்குத்தான் சொல்றேன். பாலியெஸ்டர்லா இது. சாமிக்கே இப்படியா?”

ஊர் திரும்பும்வரை அவரோடு நான் பேசவில்லை.

இந்த வருடம் ஜொகூர் பாருவில் எங்கள் கோவிலிலும் சிலுவையை ஊதாத் துணியால் மூடியிருந்தார்கள். முழங்கால் போடப் போனேன். அதற்குள் என் விரல்கள் துணிக்குப் போய்விட்டன.

பாலியெஸ்டர்தான்.