கலந்துரையாடலுக்கு ஓர் அறை

பொறை என்னும் அறம், பிறர் வாய் திறக்கும்வரை காத்திருத்தலையும் தன்னுள் கொண்டது. அவ்வறத்தை நாள்தோறும் கைக்கொண்டு, நாள்தோறும் அதனால் நொந்தவர், செவிலியர் பயிற்சிக் கல்லூரி ஆசிரியை ஒருவர்.

மருந்து உண்ண மறுக்கும் முதியவரிடம் செவிலி என்ன செய்ய வேண்டும்? இவ்வினாவை அவர் இணையக் குழுவில் இட்டார். ஒருத்தி மட்டும் நீண்ட, நேரிய விடை எழுதினாள். ஏனையோர் அதன்கீழ், ‘தோழியின் கருத்தே என் கருத்து’ என ஒட்டிச் சென்றனர். முதல்வருக்கோ அந்நீள்வரிசையே நிறைவளித்தது.

“இணையத்துலதான் எல்லாரும் கலந்துக்கறாங்களே மேடம்? நீங்க கலந்துரையாடலுக்கு வச்சிருக்கற ரூமைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்துடலாம்.”

“ஒரு தடவை வகுப்புக்கு வந்து பாருங்க சார். அப்புறம் முடிவு பண்ணுங்க.”

அவர் வரும் நாளில் ஆசிரியை நாற்காலிகளை வட்டமாக இட்டார். கைபேசிகளையெல்லாம் பிளாஸ்டிக் கூடையொன்றில் வாங்கி வைத்தார். முதல்வர் வாயிலில் நின்றார். நாவையும் சேர்த்துக் கூடையில் இட்டவர்போல் மாணவியர் அமர்ந்திருந்தனர். முதல்வர் கடிகாரத்தைப் பார்த்தார், போய்விட்டார்.

ஆசிரியைக்கு வந்த சினம் சிறிதன்று. “குழுவுல அவ்வளவு எழுதினியே, அதையே வாயால சொல்லேன்மா!”

“அதை அழிச்சு அழிச்சு எழுதினேன் மேடம். இங்க எப்படி அழிக்கிறது?” என்றாள் நீள்விடை எழுதியவள்.

சன்னலோரக் குறும்புக்காரி சிரித்தாள். “உன்னோடத யாருடி படிச்சா? முதல் வரியே ஒரு முழம்!”

“படிக்காமலா ஒத்துக்கிட்ட? கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு எழுதியிருந்தேன்டி.”

“அய்யய்யோ! நானா இருந்தா பால்ல கலந்து கொடுத்துடுவேன்.”

“அது ஏமாத்தறது!”

“பின்ன, சாகட்டும்னு விடறதா?”

“ஏன் வேணாங்கறார்னு முதல்ல கேளு. விழுங்க முடியலையோ என்னவோ!”

வட்டம் முழுதும் பற்றிக்கொண்டது. ஒரே கருத்தென ஒப்பியவர் அனைவர்க்கும் வேறுவேறு கருத்திருந்தது. ஆசிரியை படிக்கட்டுக்கு ஓடினார்.

“சார், இப்ப வாங்க சார்!”

“கம்ப்யூட்டரை அனுப்பச் சொல்லிட்டேன் மேடம்,” என்றார் முதல்வர், திரும்பாமலே.

அறை போயிற்று. அடுத்த வினாவுக்கும் இணையத்தில் அவளொருத்தியே எழுத, மற்றவர் ஒட்டினர். எழுத்து இல்லையேல் அக்கூச்சக்காரியின் அறிவு வெளிப்பட்டிராது என்பதை ஆசிரியை மறுத்தாரல்லர். ஆனால் அவளோடு மோத அங்கே எவருமில்லையே என்பதுதான் அவர் வயிற்றெரிச்சல். விடுமுறையன்று அனைவரையும் தம் வீட்டுக்கே வரச் சொன்னார்.

தையற்காரரான கணவர் தம் இயந்திரத்தைச் சமையலறைக்கு நகர்த்தினார். “உன் காலேஜுக்கு நான் வாடகை கேக்கலாமா?” என்றார். மகள் பாடப்புத்தகத்தோடு அவ்வியந்திரத்தின் அருகே ஒண்டிக்கொண்டாள். வந்தவருள் பாதிப்பேர் அன்றும் வாய் திறக்கவில்லை.

“உங்களைப் பேச வைக்கறதுக்குள்ள எனக்குத் தலை நரைச்சுடும்டி!” என்று சீறிய ஆசிரியை, சீறியபடியே காத்திருந்தார்.

அவரும், இடம் ஒதுக்கிய கணவரும், இரைச்சலிடையே பயிலும் மகளும் நோயின்றி நெடிது வாழ்க. அம்மனையில் இறையருள் என்றும் நீங்காது உறைக.