வற்றிய ஏரியில் இரண்டு நத்தைகள்

எந்த உயிரை எடுப்பதாக இருந்தாலும் அதனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் எடுப்பாள். "கோச்சுக்காதடா, கொஞ்ச நேரம்தான்" என்று திரையைப் பார்த்து முணுமுணுத்துவிட்டுக் கெண்டை மீனை நீக்குவாள். அடுத்தது தட்டான்பூச்சி; அதற்கும் ஒரு சமாதானம். பக்கத்து மேசைக்காரர்கள் முதலில் அவள் யாருடனோ போனில் பேசுவதாக நினைத்தார்கள். இப்போது பழகிவிட்டது. "ஏரியக்கா, இன்னிக்கு யாரைப் போட்டுத் தள்ளினீங்க?" என்று விசாரித்துவிட்டுத்தான் காபிக்கே கிளம்புகிறார்கள்.

ஊருக்குக் குடிதண்ணீர் தரும் ஏரி ஒன்றை அப்படியே கணக்காக்கிக் கம்ப்யூட்டருக்குள் வைத்திருக்கிறாள். வெயிலை ஏற்றுவாள், மழையைக் குறைப்பாள், ஓர் உயிரை எடுத்துவிட்டு மற்றவை தாக்குப்பிடிக்கின்றனவா என்று பார்ப்பாள். அடிபட்ட ஏரி மறுபடி எழுந்து நிற்குமா என்பதுதான் கேள்வி. முனைவர் பட்டம் வாங்கி வெகுகாலமாகிறது. அதற்குப் பிறகும் ஆய்வுதான், இரண்டிரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில். அவள் அம்மாவுக்கு இந்த ஏற்பாடு இன்றுவரை விளங்கவில்லை.

"இன்னும் படிச்சு முடிக்கலையாடி?"

"படிப்பு முடிஞ்சுதும்மா. இது வேலை."

"வேலைன்னா எப்ப நிரந்தரமாகும்?"

"முதல்ல ஏரி நிரந்தரமாகட்டும், அப்புறம் நான் ஆகிக்கறேன்."

மேசையில் எப்போதும் பாதி குடித்த காபிக் கோப்பைகள் இருக்கும். எடுக்க வருபவரிடம் "விடுங்கக்கா, பாசி பிடிக்குதான்னு பாக்கறேன்" என்பாள். பாதி கேலி, பாதி நிஜம். உண்மையான ஏரிக்குப் போகும் நாட்களில் கரைக்கு வெகுதூரத்திலேயே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வாள். சத்தம் கேட்டு உள்ளே இருப்பவர்கள் பயந்துவிடுவார்களாம்.

அந்த உள்ளே இருப்பவர்களில் அவளுக்குச் செல்லம் ஒரு நத்தை. நகத்தளவுதான் இருக்கும். கல்லில் படியும் பாசியை நாளெல்லாம் மேயும். ஏரித் தண்ணீர் தெளிவாக இருப்பது அதன் புண்ணியத்தில். கணக்கில் எப்பேர்ப்பட்ட வறட்சியைக் கொடுத்தாலும் அது குறைந்து, குறைந்து, இரண்டாகி, பிறகு மெல்லப் பெருகி வந்துவிடும். வீட்டுக்குப் போனதும் "இன்னிக்கும் வந்துட்டான்" என்று கணவரிடம் சொல்வாள். கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் அந்த மனிதர், "என் சரக்கைவிட உன் நத்தை தேவலை. விழுந்தா எந்திரிக்கவாவது செய்யுது" என்பார்.

கோடையில் முக்கால் ஏரியை இறைத்தாலும் அது மீண்டுவிடும் என்று அறிக்கை எழுதினாள். நீர்த்துறைக்குப் போயிற்று. பேராசிரியருக்குப் பெருமை தாங்கவில்லை. கையோடு அவளுடைய ஒப்பந்தத்தை நீட்டிக்கச் சொல்லி மேலிடத்துக்கு எழுதினார்.

அந்தச் சந்தோஷத்தில், விளையாட்டாக, ஏரியை முழுக்க வற்றவைத்துவிட்டுக் காபிக்குப் போனாள். திரும்பி வந்து பார்த்தால் மீன் இல்லை, தவளை இல்லை, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. இரண்டு நத்தைகள் மட்டும் உயிரோடு இருந்தன.

கணக்கைத் திறந்து வரிவரியாகப் படித்தாள். கணக்கை முதன்முதலில் எழுதியபோது நத்தையின் எண்ணிக்கை பூஜ்யத்துக்கும் கீழே போய், எல்லாம் அடிக்கடி நின்றுபோகும். அதற்காக ஒரு வரியைச் சேர்த்திருந்தாள்: இரண்டுக்குக் கீழே போனால் இரண்டாகவே வைத்துக்கொள். இந்தத் தொழிலில் எல்லாரும் செய்வதுதான். வெள்ளோட்டம் முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். அவள் எடுக்கவில்லை. நத்தை திரும்பி வருவதைப் பார்த்துப் பார்த்து, அந்த வரியின் நினைப்பே அவளுக்கு இல்லாமல் போயிற்று. அன்று மேசையிலேயே அழுதாள். இத்தனை நாளும் அதைச் சாகவிடாமல் பிடித்திருந்தது தன் கைதான் என்று தெரிந்த துக்கம்.

வரியை நீக்கிக் கணக்கை மறுபடி ஓட்டினாள். முக்கால் ஏரியை இறைத்தால் நத்தை திரும்பவில்லை.

"இப்பதான் உனக்காக எழுதி அனுப்பினேன்" என்றார் பேராசிரியர். "உன் தலையில நீயே மண்ணை அள்ளிப் போட்டுக்கறியேம்மா. அடுத்த மாசம் சின்னத் திருத்தம்னு அனுப்பிக்கலாமே?"

"அடுத்த மாசம் மோட்டார் போட்டுருவாங்க சார்."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "நீர்த்துறைக்கு நானும் கூட வரட்டுமா?"

"வேண்டாம் சார். வரியைப் போட்டது நான்தானே."

நீட்டிப்புக்கு இன்றுவரை பதில் இல்லை. மறுநாள் காலை கணவர்தான் அவளைப் பிடித்து உட்காரவைத்தார். "முதல்ல சாப்பிடு. வெறும் வயித்தோட போய் உண்மையைச் சொன்னா மயக்கம் வந்துடும்."

நீர்த்துறைப் பொறியாளர் முழுவதையும் கேட்டுவிட்டு, "நத்தைதானேம்மா?" என்றார்.

"அதுதான் சார் பாசியை மேயுது. அது போயிட்டா தண்ணி பச்சையாயிடும். அப்புறம் மழை பெஞ்சு ரொம்பினாலும் தெளியாது."

"பாதியோட நிறுத்திக்கிட்டா?"

"பாதின்னா பொழச்சுக்கும் சார். அதைப் பல தடவை ஓட்டிப் பாத்துட்டேன்."

அவர் போனை எடுத்து மோட்டார் வேலையை நிறுத்தச் சொன்னார். பிறகு அறிக்கையைப் பிரித்து, வரைபடம் இருந்த பக்கத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தார். "மேல இருக்கறவங்க கேப்பாங்க. முக்கால் எடுத்தா என்ன ஆகும்னு இதுலயே போட்டுக் குடுங்க."

நத்தைகளின் எண்ணிக்கையைக் காட்டும் அச்சிட்ட கோடு அடிமட்டத்துக்குச் சற்று மேலே வளைந்து, நிமிர்ந்து ஏறியது. அது வளையும் இடத்தில் அவள் பேனாவை வைத்தாள். வளையாமல் கீழே இழுத்தாள். கோடு அடிமட்டத்தைத் தொட்டது.

"அப்புறம்?" என்றார் பொறியாளர்.

"அப்புறம் இல்ல சார்."

கோடு முடிந்த இடத்தின் மேல் உள்ளங்கையை வைத்தாள். அவர் பக்கத்தைப் புரட்டுவதற்காகக் காத்திருந்தார். அவள் கையை எடுக்கவில்லை.