சேலைக்குள் இருந்தவள்

சாத்தூர்ப் பக்கம் நான்குவழிச் சாலை போட்டபோது எங்கள் குலசாமி காணாமல் போனது. இடுப்புயரக் கல். புருஷனின் சிதையில் ஏறிய ஒருத்திக்காக நட்டது என்பார்கள். அதைப் பெயர்த்து வேறிடத்தில் நட நாங்கள் நல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்தோம். அதற்குள் பொக்லைன் வந்து போய்விட்டது.

தேடலாம் என்றால், சாமி எப்படி இருக்கும் என்றே யாருக்கும் தெரியாது. எப்போதும் சேலை சுற்றியிருக்கும். வருஷத்துக்கு ஒருமுறை வீட்டு மருமகள் ஒருத்தி திரைக்குள் போய், கண்ணை மூடிக்கொண்டு முகத்தில் மஞ்சள் தேய்த்துப் புதுச்சேலை சுற்றுவாள். பார்க்கக் கூடாது. அந்த மருமகள் என் அம்மா.

அம்மா பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைப்பவள். "தீயில போனவ அவ. அவளக் கும்பிடாம மருந்துல கை வைக்க மாட்டேன்" என்று வீட்டில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு உள்ளுக்குள் அப்படியொரு நிம்மதி. அவள் கம்பெனி இருக்கும் விஸ்வநத்தம் பக்கம் வெடிச்சத்தம் கேட்டாலே, வேலை பார்க்கும் அச்சகத்தில் போட்டது போட்டபடி வாசலுக்கு ஓடுகிறவன் நான். சாமி கிடைக்காமலே போகட்டும் என்றுகூட நினைத்தேன். ஆனால் அந்தச் சேலைக்குள் என்னதான் இருந்தது என்ற அரிப்பு விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளை எடுத்துக்கொண்டு, சாலைக்காரர்கள் மண் கொட்டிய இடமெல்லாம் போய்க் கிளறினேன்.

ஒரு கண்மாய்க்கரை மண்மேட்டில் கல் ஒன்று குப்புறக் கிடந்தது. சித்தப்பாவைக் கூட்டிவந்து புரட்டினேன். வாளோடு ஒருவன்; மீசை முறுக்குகூட அழியவில்லை. பக்கத்தில், வளையல் போட்ட கையை உயர்த்தியபடி ஒரு பெண். அவளுக்கு மட்டும் முகம் இல்லை. கண், மூக்கு எல்லாம் தேய்ந்து வழவழவென்று இருந்தது.

"நம்மளது பொம்பள சாமில்லா? இதுல ஆம்பளயும் நிக்கானே" என்றார் சித்தப்பா. அம்மாவை வரவழைத்து, "மதினி, நீங்களே தொட்டுப் பாத்துச் சொல்லுங்க" என்றார்.

அம்மா கண்ணை மூடி அந்த முகத்தில் உள்ளங்கையை வைத்தாள். "இவதான். இந்த வளுவளுப்பு எனக்குத் தெரியாதா? எங்க மாமியா தேச்சது, நான் தேச்சது."

பிறகு கண்ணைத் திறந்தாள். அவளும் அப்போதுதான் முதல்முறை பார்த்தாள். "அந்த மனுசனும் இங்கனதான் நின்னுருக்காரு. ஒரு பொட்டு மஞ்ச வச்சதில்லையே" என்று வருத்தப்பட்டாள்.

சாலைக்கு எட்டாத இடத்தில் கல்லை நட்டோம். அம்மா பழையபடி சேலை சுற்றினாள். அவனுக்கும் ஒரு துண்டு.

மறுநாள் காலையில் தூக்குவாளியோடு கம்பெனி வேனில் ஏறினாள். "அதான் அவ வந்துட்டாளேலே, பெறகென்ன" என்றாள். தேடிக் கொண்டுவந்தவன் நான். அன்றைக்கு முழுக்க அச்சு மிஷின் சத்தத்தை மீறி வெளியே காதை வைத்திருந்தேன்.