பள்ளிவாசலுக்கு வெளியே

ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னால் உட்கார முடியவில்லை. உள்ளே மகனுக்கு ஆபரேஷன். முருகா, முருகா என்று நடந்துகொண்டே இருந்தேன். பெஞ்சில் இருந்த முஸ்லிம் அம்மாவிடமிருந்து அத்தர் வாசனை வந்தது.

சின்ன வயதில் எனக்கு ஜுரம் விடாதபோது, அப்பா பெரிய மார்க்கெட்டிலிருந்து வந்ததும் என்னைத் தூக்கிக்கொண்டு பள்ளிவாசலுக்கு வெளியே நிற்பார். தொழுதுவிட்டு வருகிறவர்கள் ஓதி, என் நெற்றியில் ஊதுவார்கள். அத்தர் மணக்கும். ஒருநாள் ஒரு பாய், "புள்ள தேறிடும். நீ சாப்டியாப்பா?" என்றார். அதுவரை அழாத அப்பா அழுதுவிட்டார்.

"எவ்ளோ நேரம் நடப்பீங்க? தரை தேஞ்சிடப் போவுது. யாரு உள்ள?" என்றார் அந்த அம்மா.

"என் பையன்மா."

"பேரச் சொல்லுங்க, நானும் துஆ கேக்கறேன்."

சொன்னேன். அவர் கையேந்தி, "குமரன்" என்று மெதுவாகச் சொன்னார். அப்போதுதான் உட்கார்ந்தேன்.