கோபக்கார மூலை

ஒரு தேக்கரண்டி சர்க்கரை. அலுமினியத் தாளைச் சின்னக் கிண்ணமாக மடித்து, அதில் கொட்டி, சூடேறிக்கொண்டிருக்கும் ஓவனின் நடுத்தட்டில் வைத்துக் கதவைச் சாத்துவாள் என் ஓரகத்தி. பிறகு கதவின் கண்ணாடிக்கு முன்னால் குந்தி உட்காருவாள். பதினோரு வருடமாகப் பார்க்கிறேன். ஒரு விடியற்காலைகூடத் தப்பியதில்லை. தெருவில் அவளுக்குச் 'சர்க்கரை அக்கா' என்றே பெயர். புதிதாகக் குடிவந்த ஒருவர் அதைக் கேட்டுவிட்டு, நல்ல டாக்டர் ஒருவரின் விலாசத்தை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அக்கா மறுக்காமல் வாங்கி வைத்துக்கொண்டாள்.

யாரோ பயன்படுத்தி விற்ற ஓவன் அது. சூடு வைக்கும் குமிழை நூற்றெண்பது டிகிரியில் வைத்தால் உள்ளே இருநூறு இருக்கும். "குமிழ் பொய் சொல்லும். சக்கரை பொய் சொல்லாது" என்பாள். சர்க்கரை முழுக்க உருகிவிட்டால் ரொட்டிக்குச் சூடு சரி. ஓரம் மட்டும் கசிந்தால் கேக்குக்கு. மணல்போலக் கிடந்தால் காத்திருக்க வேண்டும். பின்பக்கம் வலது மூலையில் மட்டும் எதையும் வைக்கமாட்டாள். "அந்த மூலைக்குக் கோபம் ஜாஸ்தி." இதையெல்லாம் அவள் எங்கும் எழுதி வைத்ததில்லை.

முழங்கைவரை ஏணிப்படிபோலச் சூட்டுத் தழும்புகள். வெந்த ரொட்டியைக் கவிழ்த்து, அடியில் விரல் மடக்கிக் கதவைத் தட்டுவதுபோல இரண்டு தட்டு தட்டிக் காதில் வைத்துக் கேட்பாள். வெற்றுக் கூடுபோல ஒலித்தால், "உள்ள ஆள் இல்ல. வெந்தாச்சு" என்று எனக்குச் சொல்வாள். நான் மாடியிலிருந்து இறங்கி வந்து, வாசற்படியோரம் உட்கார்ந்து காகித உறை மடித்துக் கொடுப்பவள். எனக்கு அதிகம் பேச வராது. அவளுக்கு அது ஒரு குறையாகத் தெரிந்ததில்லை.

அவள் கணவர், என் கணவரின் அண்ணன், நான் மாமா என்று கூப்பிடுபவர், லிப்ட் மெக்கானிக். ஐந்து மாதத்துக்கு முன் கம்பெனியை மூடிவிட்டார்கள். அன்றிலிருந்து சொந்த வீட்டிலேயே விருந்தாளி மாதிரி இருந்தார். செய்தித்தாளைப் படித்த மடிப்பிலேயே திரும்ப மடித்து வைப்பார். தண்ணீர் வேண்டுமென்றால்கூடக் கேட்கமாட்டார். ரொட்டிதான் வீட்டை ஓட்டியது. அதுவும் தெருவில் நாலு வீட்டு ரொட்டி. அப்போதுதான் முனைக் காப்பிக் கடைக்காரர், ஒரு வாரம் தினமும் இருபது ரொட்டி கொடுத்துப் பாருங்கள், சரியாக வந்தால் நிரந்தரமாக எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

மூன்றாம் நாள் காலை நான் இறங்கி வந்தபோது அக்கா கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருந்தாள். வழக்கத்தைவிட அதிக நேரம். சர்க்கரை வெள்ளை வெளேரென்று அப்படியே கிடந்தது. தட்டுகளில் மாவு பொங்கி விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. பொங்கிய மாவு யாருக்கும் காத்திருக்காது. கடைசியில் பத்து ரொட்டிகளை உள்ளே தள்ளினாள். முக்கால் மணி கழித்து எடுத்தபோது அவை காய்ச்சலில் படுத்தவர் முகம்போல வெளிறியிருந்தன. ஒன்றைக் கவிழ்த்துத் தட்டிக் காதில் வைத்தாள்.

"உள்ள ஆள் இருக்கு" என்றாள். சிரிக்கவில்லை. ஓவன் செத்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன்.

கதவோரத்தில் மாமா நின்றிருந்தார். கையில் ஒரு புது அட்டைப்பெட்டி. ஓவனுக்குள் வைக்கும் வெப்பமானியுடையது. முந்தின நாள் மத்தியானம் அவள் தூங்கும்போது அதை வைத்துச் சோதித்ததாகச் சொன்னார். குமிழில் வைத்ததைவிட உள்ளே நாற்பத்தைந்து டிகிரி அதிகம் என்று அது காட்டியதாம். குமிழைக் கழற்றி, பின்னாலிருக்கும் திருகைத் திருப்பி, நாற்பத்தைந்தையும் குறைத்துவிட்டார். இனிமேல் அவள் சர்க்கரையைக் காவல் காக்க வேண்டாம் என்று நினைத்தாராம். காலையில் ரொட்டி சரியாக வந்த பிறகு சொல்லலாம் என்று இருந்தாராம்.

அவள் ஏதாவது சொல்லிவிடுவாளோ என்று நான் உறையைக் கீழே வைத்துவிட்டேன். ஐந்து மாதத்துக்கும் சேர்த்துச் சொல்ல அவளிடம் நிறைய இருந்தது என்று எனக்குத் தெரியும்.

"எங்க வெச்சுப் பாத்தீங்க?"

அவர் குனிந்து விரலால் காட்டினார். பின்பக்கம், வலது மூலை.

அக்கா அந்த மூலையையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "லிப்ட்டுல எந்த மூலையில நின்னாலும் ஒரே மாடிதாங்க. இது அப்படியில்ல."

"பதினோரு வருஷமா சொல்லவே இல்லையே."

"நீங்க கேக்கவே இல்லையே."

பிறகு அவள் முந்தின நாள் ரொட்டியை எட்டுத் துண்டாக அறுத்து, கம்பித்தட்டு முழுக்கப் பரப்பி உள்ளே வைத்தாள். வெளியே எடுத்தபோது ஏழு துண்டுகள் லேசான வெளிர்மஞ்சள்; மூலைத் துண்டு மட்டும் அடர்ந்த பழுப்பு. மாமா அதைக் கட்டடத்தின் வரைபடம்போலக் கையில் ஏந்திப் பார்த்துக்கொண்டு நின்றார். வெப்பமானி நடுத்தட்டுக்கு வந்தது. அவர் திருகை ஒரு மயிரிழை திருப்புவார். அவள் புதுச் சர்க்கரை வைப்பாள். மறுபடி மயிரிழை, மறுபடி சர்க்கரை. அளவுக்கு மீறிப் பொங்கிய மீதி மாவை அவள் அமுக்கி, மறுபடி உருட்டி, புதிதாகப் பொங்க வைத்தாள். ஐந்தாவது கிண்ணம் உருகியது.

அன்று பத்து ரொட்டிதான், அதுவும் இரண்டு மணி நேரம் தாமதம். மாமாவே கூடையைத் தூக்கிக்கொண்டு போனார். கடைக்காரர் சுள்ளென்று விழுந்திருக்கிறார். இன்னொரு நாள் இப்படி ஆனால் வரவே வேண்டாம் என்றிருக்கிறார். தப்பு அவளுடையது இல்லை, தன்னுடையது என்று இவர் அங்கேயே நின்று சொல்லிவிட்டு வந்தாராம். இது எனக்குக் காப்பிக் கடைக்காரர் மனைவி சொன்னது. அக்காவிடம் மாமா சொல்லவில்லை, நான்தான் சொன்னேன். "அப்படியா" என்றாள்.

மிச்ச நாட்கள் நேரத்துக்குப் போயின. இப்போது தினமும் இருபத்துநாலு ரொட்டி. குமிழ் இப்போது பொய் சொல்வதில்லை. இருநூறு என்றால் இருநூறுதான். நடுத்தட்டில் வெப்பமானி தொங்குகிறது. ஆனாலும் விடியற்காலையில் ஒரு தேக்கரண்டி சர்க்கரை உள்ளே போகிறது. கண்ணாடி முன்னால் குந்தி உட்காருவது மாமா. சர்க்கரை உருகும் மணம் அடுப்படி தாண்டி வாசற்படியில் இருக்கும் எனக்கே வந்துவிடும். அக்காவுக்கு அதற்கு முன்பே தெரிந்திருக்கும். ஆனால் அவர் திரும்பித் தலையசைக்கும்வரை அவள் மாவுத் தட்டைத் தொடுவதில்லை.