வலி போன கால்

ஏலத்தோட்டத்துச் சரிவில் வழுக்கி விழுந்து என் வலது முட்டியில் ஜவ்வு அறுந்தது. தேனியில் ஆபரேஷன் செய்து, தொடையின் பின்புறத்திலிருந்து எடுத்த தசைநாரைப் புது ஜவ்வாக வைத்தார்கள். சில மாதங்களில் வலி போய்விட்டது. கால் சரியாகிவிட்டது என்று வேலைக்குக் கிளம்பினேன்.

கூடலூரிலிருந்து மலையேறும் ஜீப்பில் ஆண்கள் பின்படியில் தொற்றிக்கொண்டு போவோம். ஏற்றத்தில் நிறுத்தினால் வண்டி மறுபடி இழுக்காது என்று, எங்கள் தோட்டத்து முனையில் டிரைவர் வேகத்தை மட்டும் குறைப்பார். நாங்கள் குதித்துவிடுவோம். அன்றும் குதித்தேன். முட்டிக்குள் முருங்கைக்காயை ஒடித்ததுபோல ஒரு சத்தம்.

"அம்புட்டுப் பேரும் நல்லா நடக்குறாரேன்னு சொன்னாக. அதான் கண்ணு பட்டுருச்சு" என்றாள் மனைவி. எனக்கு எரிச்சல்தான் வந்தது.

டாக்டர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. "வச்ச நாருக்கு ரத்த ஓட்டம் வந்து உசுரு புடிக்க ரொம்ப மாசம் ஆகும். நடுவுல அது இன்னும் பலவீனமாத்தான் இருக்கும். ஆனா உங்களுக்கு வலி இருக்காது" என்று மெதுவாகச் சொன்னார்.

இரண்டாம் முறை இடது காலிலிருந்து நார் எடுத்து வைத்தார்கள். இன்றும் வீட்டில் முருங்கைக்காய் ஒடித்தால் எழுந்து வெளியே போய்விடுகிறேன். ஜீப்பில் இப்போது முன்சீட்டில்தான் பயணம். எனக்காக டிரைவர் வண்டியை நிறுத்தியே இறக்கிவிடுகிறார். ஆனாலும் அந்த முனையில் வேகம் குறைந்ததும், நான் நினைப்பதற்கு முன்பே வலது கால் குதிக்க எழுகிறது. இரண்டு கையாலும் அதை அமுக்கிப் பிடித்துக்கொள்கிறேன், வேறு யாருடைய காலையோ பிடிப்பதுபோல.