பெர்மிட் அப்பீல் மேஜையில் கேட்டவை

நீதிபதிக்குக் கீழே ஒரு மேஜையில் உட்கார்ந்து, வழக்கு எண்ணைக் கூப்பிட்டு, கோப்புக் கட்டை எடுத்து மேலே நீட்டுவதுதான் பெஞ்ச் கிளார்க் வேலை. எங்கள் தீர்ப்பாயத்துக்கு வருவதெல்லாம் ஆட்டோ, வேன், பஸ் பெர்மிட் அப்பீல்கள். பெர்மிட் கிடையாது என்றோ, இருந்ததை நிறுத்தியோ ஓர் அலுவலகம் எழுதிவிட்டால், அது சரிதானா என்று இங்கே பார்ப்பார்கள். கவுன்ட்டர் கவுன்ட்டராக அலைந்து 'நாளைக்கு வாங்க' கேட்டுப் பழகிய உங்களுக்கு இங்கே வருகிறவர்கள் புதியவர்கள் அல்ல.

எழுபதாவது நாள்

திருவல்லிக்கேணி செல்வியின் கணவர் ஆட்டோ ஓட்டியவர், மாரடைப்பில் போய்விட்டார். செல்விக்கும் லைசென்ஸ் உண்டு. ஆனால் இறப்பை முப்பது நாளுக்குள் தெரிவிக்கவில்லை என்று பெர்மிட்டை அவர் பெயருக்கு மாற்ற மறுத்துவிட்டார்கள். செல்வி அந்த ஆபீசுக்குப் போனது எழுபதாவது நாள். ஏன் இவ்வளவு தாமதம் என்று நீதிபதி கேட்டார். வக்கீல் வாய் திறப்பதற்குள் செல்வியே, "அப்ப எனக்கு நாள் கிழமையே தெரியலீங்கய்யா" என்றார். நீதிபதி தாமதத்தை மன்னித்து, பெயரை மாற்றித் தரச் சொன்னார்.

நகல் வாங்க வந்த அன்று, ஆங்கில உத்தரவில் தன் பெயர் எங்கே என்று செல்வி கேட்டார். காட்டினேன். கணவர் பெயரும் உண்டா என்றார். அதே வரியில் இருந்தது, அதையும் காட்டினேன். விரலை எடுக்காமல் சொன்னார்: "ரெண்டு பேரும் ஒரே தாள்ல கீறோம். நல்லாக்கீது மேடம்."

பழைய விலாசம்

பாஸ்கர், மயிலாப்பூர் குளத்தருகே ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுபவர். சவாரியைப் பாதி வழியில் இறக்கிவிட்டதாகப் புகார். விளக்கம் கேட்ட கடிதம் அவர் காலி செய்த பழைய வீட்டுக்குப் போக, அவரைக் கேட்காமலே பெர்மிட்டை நிறுத்திவைத்துவிட்டார்கள். அவரை விசாரித்துப் புதிதாக முடிவு செய்யுங்கள் என்று நீதிபதி திருப்பி அனுப்பினார்.

ஜெயித்தோமா, தோற்றோமா என்று பாஸ்கருக்குப் புரியவில்லை. ரெண்டும் இல்லை, அதே ஆபீசுக்கு மறுபடி போகணும் என்றேன். கோபப்படுவார் என்றுதான் நினைத்தேன். "போறேன் மேடம். ரோட்டுல ஒரு அம்மா மயங்கி வுழுந்துட்டாங்க, அவங்கள ஆஸ்பத்திரிக்கு ஏத்திக்கினு போகத்தான் சவாரிய எறக்கிவுட்டேன். இத்தச் சொல்ல ஒரு தபா கூப்பிட்டாப் போதும்."

தள்ளுபடி

சாந்தோம் ஆரோக்கியசாமி ஓய்வுபெற்ற ஆசிரியர், ஸ்கூல் வேன் வைத்திருந்தார். வேனுக்கு வயதாகிவிட்டது, பெர்மிட் மறுத்துவிட்டார்கள். சட்டத்தில் இடமே இல்லை. கட்டைப் பிரித்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் பிரேக்கில் தொடங்கி, ஏறும் பிள்ளைகளின் பெயர் வரை அவர் சொன்னதையெல்லாம் நீதிபதி குறுக்கிடாமல் கேட்டார். பிறகு, ஏன் முடியாது என்று பொறுமையாக விளக்கித் தள்ளுபடி செய்தார்.

பெரியவர் என் மேஜைக்கு வந்து கும்பிட்டார். "அரை மணி நேரம் கேட்டாரும்மா. எங்க வீட்ல அஞ்சு நிமிஷத்துக்கு மேல யாரும் கேக்கறதில்ல."

தீர்ப்புச் சொல்கிறவர் உத்தரவு போட்டதும் உள்ளே எழுந்து போய்விடுவதால், அவருக்குச் சேர வேண்டிய நன்றியையெல்லாம் இத்தனை வருடமாக நான்தான் வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறேன்.